குழாய்க்குள் கல் வளர்த்தவர்

உலகத்தில் பொருளைக் கெடுக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கெட்டதைச் சரிசெய்கிறவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. இந்த இரண்டு இனத்தாரையும் திட்டியும் புகழ்ந்தும் நாம் நிறையப் பேசியாகிவிட்டது. நான் இப்போது அறிமுகப்படுத்தப் போவது மூன்றாவது இனம். இவர்கள் எதையும் கெடுக்க மாட்டார்கள். எதையும் சரிசெய்யவும் மாட்டார்கள். பழுது என்பது தானாக நடந்து வந்து, கூடத்தில் ஒரு மூலை பார்த்து உட்கார்ந்து, மெல்லக் கால் நீட்டி, குடும்பத்தில் ஒருவராக ஆகும்வரை இவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்று இடம் விடுவார்கள். 'ஓடுதுல்ல ஆசாமி' என்று இவர்களுக்குப் பெயர். பெயர் நான் வைத்ததுதான். ஆளை உங்களுக்கு முன்பே தெரியும்.

தெரியாது என்கிறீர்களா? தலைக்கு மேலே மின்விசிறி 'கடக், கடக்' என்று ரயில் பாலம் மாதிரி சத்தம் போட, அதன் கீழே நிம்மதியாகத் தூங்குவாரே, அவர். "விசிறியைப் பாருங்களேன்" என்றால், "ஓடுதுல்ல? சத்தம் வந்தாத்தானே ஓடுதுன்னு தெரியும்" என்பாரே, அவரேதான். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மடித்த அட்டைமேல் நிற்கும். கைப்பேசியின் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்திருக்கும். ஆறாம் எண்ணை அழுத்த வேண்டுமென்றால் ஒன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் அழுத்துவார். இவரைச் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி, ரிமோட் வேலைசெய்யாவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான். இவர் அப்படியல்ல. முதல் அடி உள்ளங்கையில், இரண்டாவது அடி முழங்காலில், அப்புறம் பேட்டரியைக் கட்டைவிரலால் அரைச் சுற்று உருட்டி, வலது மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது பொத்தானை அமுக்க வேண்டும் என்று மருமகனுக்குப் பொறுமையாக வகுப்பெடுப்பார். அந்த நேரத்தில் கடைக்குப் போய்ப் புது ரிமோட்டே வாங்கி வந்திருக்கலாம். வாங்க மாட்டார். ஏன்? ஓடுதுல்ல.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒன்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. ஐந்தாம் மாடி. நல்ல மனிதர். யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் கதவைத் தட்டுகிறவர் அவர்தான். வேலை பார்த்து ஓய்வு பெற்றது எங்கே தெரியுமா? காப்பீட்டு நிறுவனத்தில். வாழ்நாள் முழுக்க, "நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குங்க தெரியும்?" என்று ஊரையே மிரட்டிக் கையெழுத்து வாங்கியவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாளை என்ற ஒன்றை அடியோடு மறந்துவிடுவார்.

இவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆனது ஒரே ஒரு பேச்சால். அன்றைய கூட்டத்தில் தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் எழுந்து, அவசரமாக எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த அம்மா சொல்லச் சொல்ல எங்கள் முகமெல்லாம் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்களின் முகம் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து இவர் எழுந்தார்.

"லிஃப்ட் ஓடுதுல்ல?"

"ஓடுது" என்றோம்.

"மோட்டார் ஓடுதுல்ல?"

"ஓடுது!"

"தண்ணி வருதுல்ல?"

"வருது!"

"அப்புறம் என்னங்க?"

கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. கைதட்டல் அடங்கியபோது அவர் செயலாளராகியிருந்தார்.

இங்கே எங்கள் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வெளியிலிருந்து குழாய்த் தண்ணீர் கிடையாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். பூமிக்கு அடியிலிருந்து மேலே வருகிறபோது பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த முகத்தை நம்பிவிடக் கூடாது. பாறைகளுக்கு நடுவே அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வந்த தண்ணீர் அது. வருகிற வழியில் சுண்ணாம்பு, இரும்பு என்று அகப்பட்டதையெல்லாம் சத்தமில்லாமல் கரைத்து மடியில் கட்டிக்கொண்டுதான் வரும். காற்றுப் பட்டால் இரும்பு துருவாக வெளியே வரும், தண்ணீர் பழுப்பாகும். அடுப்பில் வைத்தால் சுண்ணாம்பு வெளியே வந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு, இனி இதுதான் என் வீடு என்று சொல்லிவிடும்.

இதற்காகவே தரைத்தளத்துக்கும் அடியில், கீழ்த்தளத்தில் ஒரு சுத்திகரிப்பு அறை. ஆள் உயரத்துக்கும் மேலாக இரண்டு இரும்பு உருளைகள். ஒன்றில் நிறைய மணல், துருவைப் பிடித்துவைக்க. இன்னொன்றில் கடுகு மாதிரி மஞ்சள் குருணைகள், சுண்ணாம்பைப் பிடித்துவைக்க. இரண்டையும் தாண்டி வருகிற தண்ணீரை மோட்டார் நேராக வீடுகளுக்குத் தள்ளும். மொட்டைமாடியில் தொட்டி கிடையாது. பிடித்துவைத்த அழுக்கை உருளை என்ன செய்யும்? நாம்தான் வாரம் ஒருமுறை கழுவி வெளியேற்ற வேண்டும். வால்வைத் திருப்பித் தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டால் மணல் குலுங்கி, துருவெல்லாம் கிளம்பிச் சாக்கடைக்குப் போய்விடும். அதற்குப் பேக்வாஷ் என்பார்கள். குருணைக்கு உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பல் தேய்க்கிற மாதிரி. யாரும் பாராட்ட மாட்டார்கள், விட்டுவிட்டால்தான் தெரியும்.

செயலாளர் பொறுப்பேற்ற முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறைக்கு விஜயம் செய்தார். காவலாளி வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா பண்றே?"

"கழுவுறேன் சார்."

"எதை?"

"ஃபில்டரை."

"தண்ணியைக் கழுவுறது ஃபில்டர். ஃபில்டரைக் கழுவுறது தண்ணி. அப்போ அந்தத் தண்ணியை எதை வச்சுக் கழுவுவே?"

இதற்குக் காவலாளி என்ன பதில் சொல்வார்? உலகத்தில் யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? வால்வு மூடப்பட்டது. அடுத்த கூட்டத்தில், "வாராவாரம் சாக்கடைக்குப் போன நல்ல தண்ணியைக் காப்பாத்தியிருக்கேன்" என்று செயலாளர் அறிவித்தார். மறுபடியும் கைதட்டல். பல் டாக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் இந்தச் சுண்ணாம்புப் படிவின் சாமர்த்தியம். ஒரே நாளில் வந்து நின்றால் யாராவது விரட்டிவிடுவார்களே! அதனால் அது தினமும் ஒரு முடியளவு வந்தது. கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு வந்தது. கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர்களில் பால் ஊற்றிக் குடித்த மாதிரி ஒரு மங்கல் வந்தது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் தேநீர் நிறத்துக்கு மாறின. பக்கத்து வீட்டுச் சட்டையும் அதே நிறம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. குளியலறை ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. மிச்சமிருந்த துளைகளிலிருந்து தண்ணீர் நாலா பக்கமும் பீய்ச்சியடித்து, சோப்புப் போட்ட ஆளை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டியது.

செயலாளரிடம் போய்ச் சொன்னோம்.

"பாதி ஓட்டை அடைச்சா மீதி ஓட்டையில வேகமா வரும். நல்லதுதானே?"

மறுக்க முடியவில்லை. வேகமாகத்தான் வந்தது.

சுத்திகரிப்பு அறையில் ஓர் அழுத்த மீட்டர் இருந்தது. உள்ளே அடைப்பு ஏற ஏற அதன் முள்ளும் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. செயலாளர் விரலை மடக்கி மீட்டரின் தலையில் ஒரு குட்டு வைத்தார். முள் பயந்துபோய்க் கொஞ்சம் இறங்கியது. "பாத்தீங்களா? மீட்டர்தான் மக்கர்" என்றார். அதற்கப்புறம் அந்த மீட்டர் எத்தனை குட்டு வாங்கியது என்பதற்குக் கணக்கில்லை.

பல் டாக்டருக்குத்தான் முதலில் பொறுமை போயிற்று. பல்லில் ஓட்டை போடும்போது தண்ணீர் தெளிக்கிற ஊசிக் குழாய், அந்த அம்மாவின் இயந்திரத்தில் அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஒருநாள் லிஃப்ட் வாசலில் செயலாளரைப் பிடித்துக்கொண்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"சார், பல்லுல காரை படியுதுன்னு வர்றாங்கல்ல, நான் சுரண்டி எடுக்கிறேன்ல, அதே மாதிரிதான் நம்ம பைப்புக்குள்ளயும் படியுது. பல்லுல விட்டா கொஞ்ச நாள்ல ஆடும். பைப்புல விட்டா..."

"பைப்புக்குப் பல்லு வலிக்காது டாக்டர்!" என்று செயலாளர் சிரித்தார்.

அந்த நகைச்சுவை அவருக்கே அவ்வளவு பிடித்துப்போய், லிஃப்டில் ஏறினவர் ஒவ்வொரு மாடியிலும் ஏறுகிறவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் அன்றிலிருந்து கிளினிக்குக்குக் கேன் தண்ணீர் வாங்கி வைக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. செயலாளரே ஐந்தாம் மாடி அல்லவா? ஏதாவது செய்தாக வேண்டும். பிளம்பரைக் கூப்பிட்டார். எங்கள் பிளம்பருக்கு 'நாளைக்கு' என்று பெயர். எப்போது கூப்பிட்டாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார் என்பதால் வந்த பெயர். ஓடுதுல்ல ஆசாமிக்கும் நாளைக்கு ஆசாமிக்கும் உள்ள பொருத்தம் இருக்கிறதே, அப்படியொரு பொருத்தத்தை நான் எந்தத் தம்பதியிடமும் பார்த்ததில்லை. ஒருவர் செய்ய வேண்டாம் என்பார். மற்றவர் செய்ய மாட்டார். சண்டை எங்கிருந்து வரும்?

'நாளைக்கு' ஒரு வழியாக வந்து சேர்ந்து, உருளையைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டினார்.

"உள்ள இறுகிப்போச்சு சார். திறந்து பாக்கணும்."

"திறக்காம ஏதாவது?"

"பெரிய மோட்டாராப் போட்டா தள்ளிரும்."

"தள்ளிரும்ல?"

"தள்ளிரும் சார்."

பெரிய மோட்டார் வந்தது. தள்ளவும் தள்ளியது. அது ஓடும்போது கட்டடமே லேசாக நடுங்கும். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஆனால் ஐந்தாம் மாடியில் தண்ணீர் கொட்டியது. செயலாளர் மாடிப்படியில் இறங்கி வரும்போது ஒரு யுத்தத்தில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவர் மகள் பச்சைக் குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முதல் பேரக் குழந்தை. மனிதர் தரையில் நடப்பதை நிறுத்திவிட்டார். குழந்தையைத் தூக்கப் பயம். தூக்காமல் இருக்கவும் முடியாது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அதன் கட்டைவிரல் நகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாராம். "இவ்வளவு சின்ன நகம் எப்படிங்க?" என்று என்னிடமே கேட்டார். நான் என்ன சொல்ல?

அவர் மனைவி கணக்கு டீச்சர். முப்பது வருஷமாகத் தப்புக் கணக்குகளைத் திருத்தியவர், ஒன்றே ஒன்றைத் தவிர. அதைத்தான் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். டீச்சருக்கு அந்தக் குழாய்மேல் நம்பிக்கை கிடையாது. அண்டா, குடம், வாளி என்று வீடு நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். பேரக் குழந்தை வருகிறது என்றதும் செயலாளர் அத்தனையையும் கவிழ்த்துவிட்டார்.

"ஏங்க, எதுக்குக் கொட்டுறீங்க?"

"தேங்கின தண்ணியில கொசு முட்டை போடும். கைக்குழந்தை வர்ற வீடு. குழாயத் திறந்தா தண்ணி கொட்டுது, அப்புறம் எதுக்குக் குடம்?"

டீச்சர் குடங்களைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தெரியுமே. எல்லா வீட்டிலும் துணி துவைக்கிற இயந்திரம், எல்லாத் தலையிலும் ஷாம்பு. அன்றைக்குத்தான் மகள், "இன்னிக்கு நானே குளிப்பாட்டுறேன்மா" என்று அம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உச்சி முதல் பாதம்வரை பொறுமையாகச் சோப்புத் தேய்த்து முடித்திருந்தாள். பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம்தான் தண்ணீர் இருந்தது. குழாயைத் திறந்தாள்.

அதே நேரத்தில் கீழ்த்தளத்திலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். கட்டடம் ஒருமுறை விக்கியது. பெரிய மோட்டார் தள்ளியிருந்தது. உண்மையாகவே தள்ளியிருந்தது. மாதக்கணக்கில் மணலோடு மணலாக இறுகிக் கிடந்த துருவை ஒரு பக்கமாகப் பிளந்து, கிடைத்த வழியிலெல்லாம் அனுப்பிவிட்டு, கடைசியில் குழாய் இணைப்பையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

ஐந்தாம் மாடிக் குளியலறையில் குழாய் இருமியது. ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. பிறகு கொட்டை கொட்டையாகக் கருப்புத் துகளோடு, செம்பழுப்பில், சேற்றுக் குழம்பு மாதிரி ஒன்றைத் தொட்டிக்குள் கக்கியது. மகள் அலறிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள். குழாய் மறுபடி ஒருமுறை காற்றை விட்டுவிட்டு நின்றுபோயிற்று. நெற்றியிலிருந்து சோப்பு வழிந்து குழந்தையின் கண்ணில் இறங்கியது. அதுவரை அந்தக் குழந்தைக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாடியில் எனக்கே கேட்டது.

"அப்பா! தண்ணி!"

"வரும்மா, கொஞ்சம் இரு, வரும்" என்றார் செயலாளர், பழக்கத்தில்.

"எங்க வருது?" என்றார் டீச்சர். "எங்க வருதுன்னு எனக்குக் காட்டுங்க."

சமையலறையின் குடிநீர் வடிகட்டியில் ஒரு தம்ளர்தான் தேறியது. அதில் பஞ்சை நனைத்து டீச்சர் குழந்தையின் கண்ணைத் துடைத்தார். கண் தப்பித்தது. மிச்ச உடம்பு முழுக்க நுரையும் பழுப்புத் தெறிப்புமாகக் குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. செயலாளர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார். கீழே மோட்டார் அறையில் தண்ணீர் புகுந்து மின்சாரம் போயிருந்தது, லிஃப்ட் நின்றிருந்தது. படியில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

ஒவ்வொரு கதவும் திறந்தது. ஒன்றில் தலை நிறைய ஷாம்பு நுரையோடு ஒருவர். இன்னொன்றில் வாயில் பற்பசையோடு ஓர் அம்மா. இன்னொன்றில் பாதி சவரம் செய்த கன்னம். என் வீட்டில் நான், கையில் சோப்புத் தேய்த்த வாணலியோடு. எல்லோரும் அவரைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்:

"செயலாளர் சார், தண்ணி?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் வரவில்லை. "குழந்தைக்குங்க..." என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போனார்.

கடைசியில் மிச்சமிருந்தது தரைத்தளத்துக் கிளினிக். கதவுக்கு வெளியே ஒரு கணம் நின்றாராம். பிறகு தட்டியிருக்கிறார். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து பஞ்சு கடித்துப் படுத்திருந்தார். டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஒற்றைக் காலில் செருப்பு, உள்பக்கம் வெளிப்பக்கமாகப் போட்ட சட்டை, கையெல்லாம் சோப்பு நுரை, காலி வாளி.

"டாக்டர்... குழந்தை... சோப்போட..."

சொல்வதற்கு டாக்டரிடம் எவ்வளவோ இருந்தது. பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் முதல் வரியையாவது சொல்லியிருப்பார்கள். அந்த அம்மா கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, மூலையிலிருந்த தண்ணீர்க் கேன்களில் ஒன்றை அவர் கையில் கொடுத்து, இன்னொன்றைத் தானே தூக்கிக்கொண்டார்.

"சில்லுனு ஊத்திடாதீங்க. வெதுவெதுன்னு பண்ணிக்கணும். நடங்க."

நாற்காலியில் இருந்தவர், "ஆ... ஆ?" என்றார்.

"ரெண்டு நிமிஷம். வாயை மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் படியேறினார்.

தண்ணீரைச் சூடுபடுத்தி, டீச்சர் ஊற்ற, மகள் அலசி, துவாலையில் சுருட்டி எடுத்ததும் குழந்தை ஒன்றுமே நடக்காத மாதிரி தூங்கிப்போயிற்று. செயலாளர் கிட்டே போய்ப் பார்த்தார். கழுத்து மடிப்பில் மெல்லியதாக ஒரு பழுப்புக் கோடு மிச்சமிருந்தது. பஞ்சை எடுத்துத் தானே துடைத்தார். அந்த ஒரு கோட்டைத் துடைக்க வெகுநேரம் ஆயிற்று. சட்டையை நேராகப் போடவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா, அவரை வரச் சொல்லிட்டேன். சாயந்தரம் கிளம்புறோம்."

"இன்னிக்கே சரிபண்ணிடுவாங்கம்மா."

"யாருப்பா?"

செயலாளர் காலி வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மத்தியானம் 'நாளைக்கு' இன்றைக்கே வந்துவிட்டார். அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொண்டோம். குடியிருப்பே கீழ்த்தளத்தில் கூடி நின்றது. துருப்பிடித்த மரையாணிகளை அடித்துத் திருகி, மணல் உருளையின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே மணல் இல்லை. மணலாக இருந்த ஒன்று உருளையின் அச்சில் வார்த்தெடுத்த மாதிரி ஒரே பாறையாக நின்றது. சுத்தியலால் தட்டினால் 'டங்' என்றது. பக்கத்துக் குழாயில் ஒரு துண்டை அறுத்தெடுத்தார்கள். அதற்குள்ளே வெள்ளை ஒரு வளையம், பழுப்பு ஒரு வளையம், கருப்பு ஒரு வளையம் என்று அடுக்கடுக்காகக் கல் வளர்ந்திருந்தது. நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை.

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு காரையோட என்கிட்ட வந்தா நான் பல்லைத் தேடியே கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

செயலாளர் அந்தத் துண்டைக் கையில் வாங்கினார். தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளை வழியாகப் பார்த்தார். தவறு என்று ஒரு சொல் வரும், மன்னிக்கணும் என்று ஒரு சொல் வரும், அதைக் கேட்டுப் பெருந்தன்மையாக மன்னித்துவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டோம். அவர் துண்டைக் கீழே இறக்கினார். முகத்தில் உண்மையான வியப்பு.

"இவ்வளவு குட்டி ஓட்டையிலயும் இத்தனை நாள் ஓடியிருக்கு பாருங்க!"

யாரோ 'களுக்' என்றார்கள். அவ்வளவுதான். டாக்டர் சிரித்தார், பிளம்பர் சிரித்தார், நான் சிரித்துச் சிரித்து அந்தப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அப்போது மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிப் படியில் இறங்குவதும், மருமகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவதும் அவர் கண்ணில் பட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

கார் கதவருகே நின்று கேட்டார்: "எப்பம்மா திரும்பி வருவே?"

"தண்ணி வந்ததும் வரேன்னு சொல்ல மாட்டேன்பா. தண்ணி எப்படியும் உங்களுக்கு வந்துரும். அந்த ஃபில்டரை வாராவாரம் கழுவுறேன்னு நீங்க சொல்லுங்க, வரேன்."

"நானா?"

"நீங்கதான்."

மூடிய கார் கண்ணாடியில் அவர் உள்ளங்கையை வைத்தார். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "சரிம்மா" என்றார்.

அந்தப் பாறையை உடைத்து அள்ள ஆட்களுக்கு நாள்கணக்காயிற்று. அதுவரை லாரித் தண்ணீர். படிக்கட்டில் வாளியோடு வரிசை. புது மணலும் குருணையும் கொட்டினார்கள், அடைத்த குழாய்களை மாற்றினார்கள், பழைய மோட்டாரையே மறுபடி பூட்டினார்கள். டாக்டர் செயலாளரானார். முதல் உத்தரவாகப் பழைய செயலாளருக்கு ஒரு பதவி கொடுத்தார்: கழுவல் பொறுப்பாளர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வேடிக்கை பார்க்கப் போனேன். வால்வைத் திருப்பினார். சாக்கடையில் செம்பழுப்பாகத் தண்ணீர் பாய்ந்தது. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அப்படித் திருப்பிக்கொண்டார். பழுப்பு வெளுத்து, மஞ்சளாகி, கண்ணாடியாகத் தெளிந்தது. "போதுமா?" என்று என்னைக் கேட்டார். "போதும்" என்றேன். "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று தானாகவே சொல்லிவிட்டு, அந்தத் தெளிந்த தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தபடி நின்றார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மகளும் திரும்பி வந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிறபோது குளியலறைக் கதவுக்கு வெளியே, இரண்டு பக்கமும் நிறைத்த வாளிகளோடு ஒருவர் வாயிற்காப்போன் மாதிரி நின்றதாக டீச்சர் சொன்னார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். போன மாதம் அந்த வால்வின் கைப்பிடி உடைந்துபோயிற்று. புதிது மாட்டவில்லை. ஒரு ஸ்பானரைச் சணலால் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, இடது காலை உருளையில் உதைத்துக்கொண்டு திருப்புகிறார். டாக்டர் கேட்டதற்கு, "திரும்புதுல்ல?" என்றாராம்.

இவ்வளவு நேரம் படித்ததில் உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். மாமனாரோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ. 'அப்படியே அவரேதான்' என்று சிரித்திருப்பீர்கள். இதை அவருக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். அனுப்புங்கள். அவரும் படித்துவிட்டு உங்களை நினைத்துச் சிரிப்பார். ஏனென்றால் இந்த இனத்தில் பிறந்தவர்களுக்குத் தங்கள் இனம் எது என்று மட்டும் தெரியாது. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து, வாசல் கதவைத் தள்ளிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, திறக்க முடியாமல் விழிக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "அது ஒண்ணுமில்லைங்க, லேசாத் தூக்கி, வலது தோளால ஒரு இடி இடிங்க, திறந்துக்கும்."

யார் அப்படிச் சொன்னது என்று திரும்பிப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.